கோவாவுல பொறந்த அமெரிக்க சிப்பாய்

ஜி.ஐ. ஜோன்னு ஒரு அமெரிக்க சிப்பாய் பொம்மை, அதுக்கு உயிர் இடுப்புலதான் இருக்கு. முதுகுல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழட்டினா நெஞ்சு ரெண்டு பாதியா பிரிஞ்சு வரும், உள்ள ஒரு கறுப்பு ரப்பர் வளையம், அதோட மேல்பக்கம் ஸ்க்ரூ போற தூணைச் சுத்தி இருக்கும், கீழ்ப்பக்கம் ரெண்டு காலையும் சேத்து வச்சிருக்கற கொக்கியில மாட்டியிருக்கும். இதைத்தான் ஓ ரிங்னு சொல்றது. பொம்மை உக்காரும், குனியும், இடுப்பைத் திருப்பும், எல்லாம் அந்த ஒத்த ரப்பரோட இழுவையிலதான். முப்பது வருஷம் லாஃப்ட்ல கெடந்தா அது காஞ்சு பொடியா உதிர்ந்துடும், பெட்டியைத் திறந்தா இடுப்புக்கு மேல ஒருத்தன், கால் மட்டும் தனியா ஒருத்தன்னு ஏதோ போர் முடிஞ்ச களம் மாதிரி கெடக்கும். மாத்தறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. எங்க தெரு ஹார்டுவேர் கடைக்காரர் இப்பல்லாம் என்னைப் பாத்தாலே சின்ன வளையம் இருக்கற டப்பாவை எடுத்து முன்னாடி வச்சுடுவாரு. மொத தடவ "என்ன சார், குழாய் ஒழுகுதா?"ன்னு கேட்டவரு, "இல்லண்ணே, பொம்மைக்கு"ன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு "பையனுக்கா"ன்னாரு. எனக்குத்தாண்ணேன்னு சொல்ல ஆரம்பிச்சு ஒரு கஸ்டமர் வந்ததால தப்பிச்சேன்.

நான் சேக்கறது எல்லா ஜி.ஐ. ஜோவும் இல்ல. ஃபன்ஸ்கூல்னு நம்ம நாட்டு கம்பெனி இங்கயே செஞ்ச ஜோ மட்டும்தான். இதைச் சொன்னா ரெண்டு விதமான முழிப்பு வரும். பொம்மை பத்தி தெரியாதவங்க "இந்த வயசுல பொம்மையா"ன்னு முழிப்பாங்க, தெரிஞ்சவங்க "ஒரிஜினலை விட்டுட்டு இதையா"ன்னு முழிப்பாங்க. ரெண்டாவது ஆளுங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கதை. ஹாஸ்ப்ரோங்கற அமெரிக்க கம்பெனி 1964-ல கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ 12 இன்ச் உசரம், துணி சட்டை எல்லாம் போட்டு விடலாம். அப்புறம் கென்னர் கம்பெனி ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை மூணே முக்கால் இன்ச்ல போட்டு சந்தையையே புரட்டிப் போட்டாங்க, பொம்மை சின்னதா இருந்தா வண்டி, விமானம், கோட்டைன்னு எல்லாத்தையும் அதே அளவுக்கு செஞ்சு விக்கலாம் இல்லையா, அதைப் பாத்து ஹாஸ்ப்ரோ 1982-ல அதே மூணே முக்கால் இன்ச்ல ஜோவைத் திரும்ப இறக்கினாங்க. அந்த முதல் வருஷத்துலயே ஒரு சுவாரஸ்யம் இருக்கு. பெயிண்ட் செலவை மிச்சம் பிடிக்க ஒரு பொம்மையை மட்டும் பெயிண்டே அடிக்காம வெறும் கறுப்பு பிளாஸ்டிக்ல ஊத்தி விட்டாங்க. அதுதான் ஸ்னேக் ஐஸ். அந்த லைன்லயே பேர் போன ஆள் பொறந்தது கணக்குப் பிள்ளையோட சிக்கனத்துல.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அப்பல்லாம் வெளிநாட்டு சாமானை இஷ்டத்துக்கு இறக்குமதி பண்ண முடியாது, அந்தக் கட்டுப்பாடு முழுசா விலகினதே 2000, 2001 வாக்குலதான். அதனால பொம்மையைக் கொண்டுவர முடியாது, ஆனா மோல்டை, அதாவது பொம்மை வார்க்கற அச்சை, கொண்டு வந்து இங்கயே ஊத்தி இங்கயே வித்துக்கலாம். நம்ம சென்னை எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியும் ஹாஸ்ப்ரோவும் சேந்து 1987-ல ஃபன்ஸ்கூலை ஆரம்பிச்சது இப்படித்தான், தொழிற்சாலை கோவாவுல. லியோன்னு ஒரு பேர்ல, மேட்டல்ங்கற இன்னொரு அமெரிக்க கம்பெனியோட ஹீ-மேன் பொம்மைகளும் இங்க செஞ்சு வித்துக்கிட்டிருந்தாங்க, அது தனிக் கதை, அதை சேக்கறவங்க இன்னொரு கோஷ்டி, அவங்ககிட்ட நான் வம்பு வச்சுக்கறதில்ல.

உலகம் முழுக்க இதே கூத்துதான் நடந்திருக்கு. பிரேசில்ல எஸ்ட்ரெலா, அர்ஜென்டினாவுல பிளாஸ்டிராமா, இங்க ஃபன்ஸ்கூல். ஒரே இரும்பு மோல்டு, ஊருக்கு ஊர் வேற பிளாஸ்டிக், வேற பெயிண்ட். இதுல நம்ம ஆளுங்க செஞ்ச வேலைதான் எனக்குப் பித்து. அமெரிக்காவுல ஒரு பொம்மைன்னா அதுக்கு ஒரு கலர், முடிஞ்சுது. ஃபன்ஸ்கூல்ல ஒரே பொம்மை, ஒரே பேர், ஆனா ஒரு பேட்ச்ல பச்சை கொஞ்சம் அழுத்தமா இருக்கும், அடுத்த பேட்ச்ல வெளிறிப் போயிருக்கும், பெல்ட்டுக்கு ஒண்ணுல சில்வர் அடிச்சிருப்பாங்க, இன்னொண்ணுல அடிக்காமயே விட்டிருப்பாங்க, புருவம் ஒருத்தனுக்கு நெத்தி வரைக்கும் போயிருக்கும். மேல்நாட்டு சேகரிப்பாளர்கள் ரொம்ப நாள் இதை மட்டமான சரக்குன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. எனக்கு அது மட்டம்னு தோணவே இல்ல. அன்னிக்கு ஷிஃப்ட்ல எந்த பெயிண்ட் இருந்துச்சு, யார் கை பிரஷ் பிடிச்சுது, இதெல்லாம் பொம்மை மேலயே தெரியுது. என்கிட்ட ஒரே ஆள் மூணு பேரா இருக்கான், மூணு பேரையும் ட்யூப்லைட்டுக்குக் கீழ வரிசையா நிக்க வச்சுப் பாத்தா அண்ணன் தம்பிங்கன்னுதான் சொல்லலாம், ஒரே ஆள்னு சொல்ல முடியாது. நடுவுல இருக்கறவனுக்கு இடது கண்ணு மூக்குகிட்ட வந்துடுச்சு. அவனைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புதுசா வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க. பொம்மையோட உடம்புல பொடி எழுத்துல ஹாஸ்ப்ரோன்னும் ஒரு வருஷமும் இருக்கும். 1986-ன்னு இருந்தா அது 86-ல செஞ்ச பொம்மைன்னு விக்கறவன் சத்தியம் பண்ணுவான். அந்த வருஷம் டிசைனோட காப்பிரைட் வருஷம், மோல்டுலயே வெட்டினது, அதே மோல்டுல 98-ல ஊத்தினாலும் 86-ன்னுதான் வரும். ஃபன்ஸ்கூல் ஆரம்பிச்சதே 87-லதான்னு சொன்னா விக்கறவர் பேச்சை மாத்திடுவாரு. அப்புறம் துப்பாக்கி. பொம்மை கிடைச்சுடும், கையில இருந்த துப்பாக்கியும் முதுகுப் பையும் கிடைக்காது, எல்லாம் எந்த வீட்டு சோஃபா சந்துலயோ போயிடுச்சு, இப்ப வர்றதுல பாதி புதுசா ஊத்தின நகல். நகல்னு சொல்லி வித்தா தப்பில்ல, நானே வாங்குவேன்.

அட்டையோட சீல் பிரிக்காம இருக்கறதைத்தான் எல்லாரும் தேடுவாங்க, விலையும் அதுக்குத்தான். எனக்கு அதுல ஆசை கிடையாது. பிரிக்காத பொம்மையை முட்டி மடக்கிப் பாக்க முடியாது, முதுகைத் திறந்து உள்ள பாக்க முடியாது, அப்புறம் அதை வச்சு என்ன பண்றது, பூஜை பண்றதா? ஆனா வெட்டின அட்டை கிடைச்சா விடமாட்டேன். பின்னாடி ஃபைல் கார்டுன்னு ஒண்ணு இருக்கும், உண்மைப் பேரு, பொறந்த ஊரு, படையில என்ன வேலை, ஆளோட குணம் எல்லாம் நாலு வரியில. அந்த எழுத்து லேரி ஹாமாவோடது, காமிக்ஸும் அவருதான் எழுதினாரு, பொம்மை அட்டைக்கு இவ்வளவு மெனக்கெட்டு எழுதின ஆள் வேற யாரும் இருக்க முடியாது. டியூக்னு ஒரு ஜோ, அவன் பொறந்த ஊர் மிசௌரியில செயின்ட் லூயிஸ். மிசௌரி எங்க இருக்குன்னு அப்ப யாருக்குத் தெரியும், ஆனா ஸ்பெல்லிங் மட்டும் இன்னிக்கும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஸ்னேக் ஐஸ் கார்டுல பேரு, ஊரு எல்லாத்துலயும் ரகசியம் ரகசியம்னே போட்டிருக்கும். அவன் மேல இருந்த மரியாதைக்கு அதுதான் காரணம்.

சுத்தமா நம்ம ஊருக்குன்னே வந்த சரக்கும் உண்டு. ஸ்ட்ரீட் ஹாக்னு ஒரு அமெரிக்க சீரியல், கறுப்பு பைக்ல ஒருத்தன் ராத்திரியில சீறிக்கிட்டு போவான், அங்க 1985-ல 13 எபிசோடோட மூடு விழா நடத்திட்டாங்க, இங்க தூர்தர்ஷன்ல அது வந்து பசங்க எல்லாம் சைக்கிளுக்கு அட்டை கட்டிக்கிட்டு அலைஞ்சாங்க. ஃபன்ஸ்கூல் அதுக்கு பைக்கோட ஒரு பொம்மை போட்டாங்க. சொந்த ஊர்ல செல்லாத சீரியலுக்கு கோவாவுல பொம்மை! இதை அமெரிக்க சேகரிப்பாளர் ஒருத்தர்கிட்ட விளக்க நான் பட்ட பாடு இருக்கே.

எங்க தேடறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. மூர் மார்க்கெட், அதாவது 1985-ல பழைய கட்டடம் எரிஞ்சப்புறம் அல்லிக்குளத்துக்கு மாறினது, அங்க பழைய புஸ்தகத்துக்கு நடுவுல எப்பவாவது தலை காட்டும். பழைய பேப்பர் கடைக்காரங்ககிட்ட சொல்லி வைக்கலாம். ஆனா நிஜமான புதையல் சொந்தக்காரங்க வீட்டு லாஃப்ட்தான். கல்யாணம் காதுகுத்துன்னு போனா சாப்பிட்டு முடிச்சு வெத்தலை போடறப்ப மெதுவா ஆரம்பிப்பேன்.

"அத்தை, ரவியோட பழைய பொம்மை ஏதாவது மேல கெடக்கா?"

"எல்லாம் இருந்துச்சுப்பா, வீடு வெள்ளையடிக்கறப்ப வாட்ச்மேன் பையனுக்கு அள்ளிக் குடுத்துட்டேன். ஏன், உன் பொண்ணு விளையாடவா?"

அங்கயே பேச்சு முடிஞ்சுடும். சரி, அந்தப் பையனாவது நல்லா விளையாடியிருப்பான்.

அந்தக் காலத்து ஃபன்ஸ்கூல் ஜோ நெறய அமெரிக்காவுல இருக்கு, இதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ஹாஸ்ப்ரோ 1994-ல அந்த லைனை மூடினப்புறமும் இங்க 2000 தாண்டி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அங்க இருந்த ரசிகர்களுக்கு வேற வழி இல்லாம இண்டர்நெட்ல கடை வச்சவங்க மூலமா இங்க இருந்து மொத்தமா வாங்கிக் குவிச்சாங்க, ஒண்ணு சில டாலர்தான். இப்ப அதையே நான் திரும்ப வாங்கணும்னா தபால் செலவு, அதுக்கு மேல சுங்கம். பொம்மைக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023-ல 70. சீன பொம்மையைத் தடுக்கத்தான் இதுன்னு புரியுது, உள்ளூர் தொழில் வளரட்டும், நல்லதுதான். ஆனா கோவாவுல செஞ்ச பொம்மை ஓஹையோ போயிட்டு ஊர் திரும்பறப்பவும் அது வெளிநாட்டு சரக்குதானே.

பிளேசெட், அதாவது பொம்மைங்களை நிறுத்தி விளையாடற கோட்டை, கப்பல் மாதிரி செட்டு, அந்த விஷயத்துக்கு வரேன், அதுல எனக்கு தீராத குறை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல 1985-ல ஃப்ளாக்னு ஒரு விமானந்தாங்கிக் கப்பல் விட்டாங்க, ஏழு அடிக்கு மேல நீளம், பெட்ரூமை விட கப்பல் பெருசு. இங்க சின்ன ஜீப்பு, பைக்கு இதுக்கே பொறந்தநாள் வரைக்கும் காத்திருக்கணும், பெரிய பெட்டியெல்லாம் கடை அலமாரியோட மேல் தட்டுல உக்காந்து நம்மளைப் பாத்துக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். அதனால எங்களுக்கு பிளேசெட்னா தெர்மாகோல். யார் வீட்டுலயாவது புது டிவி வந்தா அன்னிக்கே போய் பேக்கிங் தெர்மாகோலைக் கேட்டு வாங்கிட்டு வந்துடுவோம். டிவி மூலையைப் பிடிக்கறதுக்காக அதுல படி படியா, குழி குழியா வெட்டியிருக்கும் பாருங்க, அதெல்லாம் பதுங்கு குழி, ஹெலிபேடு, ஜோவோட எதிரிப் படையான கோப்ராவோட சிறைச்சாலை. பால்பாயிண்ட் பேனாவால குத்தி ஜன்னல் வைப்போம். கறுப்பு ஸ்கெட்ச்ல கோப்ரா பாம்பு வரைவோம், அது எப்பவும் புழு மாதிரிதான் வரும்.

இன்னிக்கு காசு குடுத்தா ஃப்ளாக் கப்பல் கூட கிடைக்கும். அந்த தெர்மாகோல் கோட்டை ஒண்ணு கூட எங்கயும் இல்ல, யாரும் வச்சுக்கவும் இல்ல, அடுத்த போகிக்குப் போயிருக்கும். இன்னொரு கொடுமை, வச்சிருந்தாலும் நிக்காது. மெத்து பிளாஸ்டிக்ல, அதாவது அமுக்கினா அமுங்கற பி.வி.சி.யில, வளையறதுக்காக ஒரு எண்ணெய்ச் சரக்கு சேப்பாங்க, வருஷக்கணக்குல அது வெளிய கசிஞ்சு தெர்மாகோலை அரிச்சுடும். ஹீ-மேன் தலை மாதிரி மெத்து தலை இருக்கற பொம்மையை தெர்மாகோல்ல படுக்க வச்சா பள்ளம் விழுந்து ஒட்டிக்கும். அதனால பொம்மை சேக்கறவங்க யாரா இருந்தாலும் தெர்மாகோல் பெட்டியில போட்டு மூடாதீங்க, வெறும் அட்டைப் பெட்டி, நடுவுல வெள்ளைக் காகிதம், அது போதும். வெள்ளை வண்டிங்க மஞ்சளாயிட்டா ஹைட்ரஜன் பெராக்சைடுல ஊற வச்சு வெயில்ல வைக்கற வைத்தியம் உண்டு, மேல்நாட்டுல அதுக்கு தனி விளக்கெல்லாம் வாங்கறாங்க, நமக்கு மொட்டை மாடி இருக்கு. கலர் பாகத்துல செய்யாதீங்க, திட்டுத் திட்டா வெளுத்துடும்.

எங்க வீட்டுல இன்னொரு பிளேசெட் இருந்துச்சு, வருஷத்துக்கு ஒம்போது நாள் மட்டும். கொலுப் படிக்குக் கீழ கேழ்வரகு முளைக்க வச்சு பார்க் போடுவோமே, கண்ணாடித் துண்டுல குளம், மணல்ல ரோடு, அந்த பார்க்குல ஜோக்களை நிறுத்த அம்மா அனுமதி குடுத்திருந்தாங்க, ஒரே நிபந்தனை, துப்பாக்கி சாமி பக்கம் திரும்பக் கூடாது. செட்டியார் பொம்மையோட மளிகைக் கடைக்கு ஒருத்தன் காவல், குளத்தோரம் முதுகுல நீச்சல் சிலிண்டரோட ஒருத்தன், கேழ்வரகுப் பயிர் உசந்துட்டா அதுக்குள்ள கோப்ரா ஆள் ஒளிஞ்சிருப்பான். சுண்டலுக்கு வர்ற மாமிகள் "இது யாருடா, நம்ம மிலிட்டரியா"ன்னு கேப்பாங்க, நாங்களும் ஆமா மாமின்னுடுவோம்.

எங்க வீட்டுல இதுக்கு போட்டோ ஒண்ணும் இல்ல, ஃபிலிம் ரோலை கொலுவுக்கு செலவு பண்ற வழக்கம் கிடையாது. உங்க வீட்டு பழைய ஆல்பத்துல 88-ல இருந்து 2000-க்குள்ள எடுத்த கொலு போட்டோ இருந்தா கீழ்ப்படியை கொஞ்சம் உத்துப் பாருங்க. மூணே முக்கால் இன்ச்ல எவனாவது நின்னுக்கிட்டிருந்தா ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, போட்டோவுல அவன் சட்டை என்ன கலர்னும் உங்க கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதுங்க, பேட்ச் கண்டுபிடிக்க அது எனக்கு உதவும்.