தண்ணீருக்குள் என்ன இருக்கிறது?

இலங்கையின் வடக்கே, ஆனையிறவில் உப்பு விளைந்தது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, பரந்தனில், உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். 1950களில் தொடங்கிய அந்த இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆனால் நாங்கள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கத் தொடங்கிய 1997இல் உப்பளமும் இயங்கவில்லை, தொழிற்சாலையும் இயங்கவில்லை. கிளிநொச்சியில் இருந்த எங்கள் பாடசாலைக் கட்டடமும் எங்களிடம் இல்லை. 1996 யூலையில் தொடங்கிய சண்டையோடு சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறிப்போனது. ஸ்கந்தபுரப் பக்கம் கிடுகால் வேய்ந்த கொட்டில்களில் பாடசாலை நடந்தது. மழை பெய்தால் வகுப்பு ஒரு மூலைக்கு ஒதுங்கும்.

ஆய்வுகூடம் என்று சொல்ல ஒரு ரங்குப்பெட்டிதான் இருந்தது. கொஞ்சச் சோதனைக் குழாய்கள், இரண்டு முகவைகள், ஒரு குழாயி, கபிலநிறப் போத்தல் ஒன்றில் அடியில் கிடந்த வெள்ளி நைத்திரேற்று. பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய்க்கே வழியில்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த நாட்களில் இரசாயனப் பொருள் கேட்டு யாரிடம் போவது?

இன்று நான் கனடாவில் குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். இங்கே இருக்கும் கருவிகள் அன்று நாங்கள் படத்தில்கூடக் காணாதவை. என்றாலும் கரைசல் என்றால் என்ன, இரசாயனத் தாக்கம் என்றால் என்ன என்ற அடிப்படை எனக்குள் ஊன்றியது அந்தப் பெட்டியைச் சுற்றி நின்ற நாட்களில்தான். எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் அதை எப்படிச் செய்தார் என்பதை, அவர் ஊரிலேயே ஓய்வாக இருக்கும் இந்தக் காலத்தில், எழுதிவைக்க விரும்புகிறேன்.

சமன்பாடு எழுத முன்னம் சேர் ஒரு கேள்வி கேட்பார்: "பிள்ளையள், இப்ப இந்தத் தண்ணிக்குள்ள என்ன கிடக்குது?"

"உப்புக் கரைசல், சேர்" என்றால் விடமாட்டார். "அது போத்தலில ஒட்டுற பேர். உள்ளுக்கு என்ன கிடக்குது?" என்று திருப்பிக் கேட்பார். சோடியம் அயன் ஒருபக்கம், குளோரைட்டு அயன் ஒருபக்கம், ஒவ்வொன்றையும் சூழ்ந்து நீர் மூலக்கூறுகள் என்று நாங்கள் சொல்லவேண்டும். சீனிக் கரைசல் என்றால் சீனி மூலக்கூறு உடையாமல் முழுதாகவே உலாவுகிறது. இரண்டு முகவையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வானொலி கேட்பதற்காக ஒரு வீட்டில் வைத்திருந்த பழைய வாகனப் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தோம். செத்துப்போன ரோச் பற்றரிகளை உடைத்து எடுத்த காபன் கோல்களை மின்வாயாக்கினோம். உப்புக் கரைசலில் பல்ப் எரிந்தது, சீனிக் கரைசலில் எரியவில்லை. மின்னேற்றமுள்ள அயன்கள் இருந்தால்தான் கரைசல் மின்னைக் கடத்தும். அயன் என்பது புத்தகத்துச் சொல்லாக இருந்த நிலைமை அன்றோடு முடிந்தது.

செறிவு படிப்பித்த விதமும் மறக்கமுடியாதது. சோடியம் குளோரைட்டின் ஒரு மூல், அதாவது துணிக்கைகளை எண்ணும் அலகு ஒன்று, 58.5 கிறாம். சங்கக்கடைத் தராசில் அதை நிறுக்கமுடியாது. ஆனால் 585 கிறாமை ஏறக்குறைய நிறுக்கலாம். ஆகவே பத்து மூல் உப்பு, பத்து லீற்றர் கரைசல். வாளியில் பத்து லீற்றர் மட்டத்துக்குக் கரியால் ஒரு கோடு கீறினோம். முதலில் அரைவாசித் தண்ணீரில் உப்பு முழுவதையும் கரைத்து, பிறகுதான் கோடு வரைக்கும் தண்ணீர் விட்டோம். பத்து லீற்றர் தண்ணீரை அளந்து அதற்குள் உப்பைக் கொட்டினால் கரைசலின் கனவளவு பத்து லீற்றரைத் தாண்டிவிடும். லீற்றருக்கு ஒரு மூல் என்ற கணக்கும் பிழைத்துவிடும். கரைப்பானின் அளவு வேறு, கரைசலின் அளவு வேறு என்பதைக் கண்ணால் கண்டோம். இன்று பல்கலைக்கழகம் முடித்து வருகிற சிலரிடம்கூட இந்தத் தெளிவு இல்லாததை என் வேலையிடத்தில் பார்க்கிறேன்.

அந்த உப்பைச் சேர் வீணாக்கவிடவில்லை. கரைசலை அகன்ற தட்டங்களில் ஊற்றி வெயிலில் வைத்தோம். உப்பு திரும்ப வந்தது. நிறுத்தால் ஏறக்குறைய அதே நிறை. கரைந்தபோது புதுப் பதார்த்தம் எதுவும் உண்டாகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதே கிழமை சுட்ட சிப்பிச் சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்துக் காட்டினார். கொதித்து, ஆவி பறந்து, பொருமி உதிர்ந்து மாவாயிற்று. அதை எவ்வளவு வெயிலில் காயவைத்தாலும் பழைய சுட்ட சுண்ணாம்பு வராது. கல்சியம் ஒட்சைட்டு நீரோடு தாக்கமடைந்து கல்சியம் ஐதரொட்சைட்டு ஆகிவிட்டது. இரண்டிலும் தண்ணீர்தான் சேர்ந்தது. முதலாவது கரைதல், இரண்டாவது தாக்கம்.

சுண்ணாம்புப் பாடம் அத்தோடு நிற்கவில்லை. தெளிந்த சுண்ணாம்பு நீரை நன்றாக ஐதாக்கி, பப்பாசி இலைக்காம்பைக் குழாயாக வைத்து ஊதச் சொன்னார். முதலில் பால்போல வெளுத்தது. மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டால் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகிறது என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் நிறுத்தவிடவில்லை. ஆள்மாறி ஆள் வாய் நோக ஊத, வெண்மை மெல்ல மெல்ல மறைந்து நீர் மறுபடி தெளிந்தது. "இப்ப என்ன கிடக்குது?" கல்சியம் அயனும் இருகாபனேற்று அயனும். அந்தத் தெளிந்த நீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டார். வெண்மை திரும்ப வந்தது. "வீட்டில கேத்திலுக்கு அடியில பிடிச்சிருக்கிற வெள்ளை என்னெண்டு இப்ப விளங்குதோ?" என்றார். எங்கள் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் வன்னீர், அதாவது சுண்ணாம்பு உப்புகள் கரைந்த நீர். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு, சுண்ணாம்புள்ள மண்ணையும் கல்லையும் கரைத்துவருகிறது. கொதிக்கும்போது அதே தாக்கம் பின்பக்கமாக நடக்கிறது. அன்று பின்னேரம் அம்மாவின் தேநீர்க் கேத்திலைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை இன்றைக்கும் சொல்லி முடிக்கமுடியாது.

ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்த முதியவர் ஒருவரை, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பப்பா, சேர் ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார். வன்னிப் பாடசாலை வரலாற்றில் அதைவிடச் சிறந்த விரிவுரை நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பாத்தி பாத்தியாகக் கடல்நீரை மாற்றி வெயிலில் முதிரவிடுவதையும், எந்தப் பாத்தியில் எது படியும் என்பதையும் அவர் கைகளால் காற்றில் கீறிக்கீறிச் சொன்னார். "கடைசித் தண்ணியக் காயவிடப்படாது தம்பியவை. திறந்துவிட்டிடோணும். அது கைக்கும். அதோட காய்ஞ்ச உப்பு எப்பவும் ஈரமாத்தான் கிடக்கும்."

அவர் போனபின் சேர் கரைதிறனைத் தொடங்கினார். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிறாம் உப்புகள் உண்டு. நீர் வற்றும்போது கரைதிறன் குறைந்தது முதலில் வெளியேறும்: முதலில் கல்சியம் காபனேற்று, அடுத்துக் கல்சியம் சல்பேற்று, கனவளவு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக வற்றியபின்தான் சோடியம் குளோரைட்டு. எஞ்சிய நீரில் மகனீசியம் உப்புகள் செறிந்திருக்கும். கைப்பு அதனால்தான். மகனீசியம் குளோரைட்டு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சும். ஈரம் அதனால்தான். 25 பாகை செல்சியசில் 100 கிறாம் நீரில் 36 கிறாம் அளவு சோடியம் குளோரைட்டுத்தான் கரையும். கொதிக்கும் நீரிலும் 39 கிறாமைத் தாண்டாது. ஆகவே உப்பைப் பளிங்காக்கச் சூடாக்கி ஆறவைப்பதில் பயனில்லை, நீரை வற்றவைத்தே ஆகவேண்டும். உப்பளம் ஏன் வெயிலும் காற்றும் உள்ள வெட்டவெளியில் இருக்கிறது என்பதை ஒரு இலக்கம் சொல்லிவிட்டது.

பிறகு பரந்தன். அதே பற்றரி, அதே காபன் கோல்கள். முதிரை மரத்தடியில் காற்றோட்டத்தில், செறிந்த உப்புக் கரைசலில் மின்னை விட்டார். மறைமுனையில் சோடியம் படியும் என்று வகுப்பே எதிர்பார்த்து நின்றது. குமிழிதான் வந்தது. மஞ்சள் தோய்த்த கடதாசித் துண்டை அந்தப் பக்கம் நனைத்தபோது ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்தது. காரம். சோடியம் அயனைவிட நீர் இலகுவாக இலத்திரனை ஏற்கிறது. ஐதரசன் வாயுவாகப் போக, ஐதரொட்சைட்டு அயன் தங்குகிறது. சோடியம் அயனாகவே கரைசலில் இருக்கிறது. இந்த இரண்டு அயன்களும் சேர்ந்ததுதான் எரிசோடா. நேர்முனையில் குளோரைட்டு அயன் இலத்திரனை இழந்து குளோரினாகிறது. பிளீச்சிங் பவுடர் போட்ட கிணற்றின் மணம் மெல்ல எழுந்தது. உடனே கம்பியைக் கழற்றிவிட்டார், அது நச்சு வாயு. "இந்த ரெண்டையும் கலக்கவிடாமல் பிரிச்செடுத்ததுதான் பரந்தன் பக்டறி" என்றார். தகப்பன் அங்கே வேலை செய்த நண்பன் அதைக் கேட்டு நிமிர்ந்து நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வெள்ளி நைத்திரேற்றைச் சேர் சொட்டுச் சொட்டாகத்தான் செலவழித்தார். இரண்டு கிணறுகளின் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டு. ஒன்றில் மெல்லிய வெண்புகை, மற்றதில் தயிர்போலத் திரண்ட வீழ்படிவு. உவர்க் கிணறு எதுவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. வெள்ளி அயனும் குளோரைட்டு அயனும் சேர்ந்து வெள்ளிக் குளோரைட்டு. சோடியம் அயனும் நைத்திரேற்று அயனும் முன்பு இருந்தபடியே இருக்கின்றன. தாக்கமடைந்தவற்றை மட்டும் எழுதச் சொல்வார். சமன்பாடு சமப்படுத்தல் அதற்குப் பிறகு எங்களுக்குப் பாரமாக இருந்ததில்லை, அதனால் அதைப்பற்றி எழுதவும் அதிகம் இல்லை.

அந்தக் கேள்வி இன்றும் என் தொழிலில் வேலை செய்கிறது. குளோரினைத் தண்ணீரில் விட்டால் ஐபோகுளோரசு அமிலம் உண்டாகிறது. கிருமியைக் கொல்வதில் அதுவே வலியது. பீ.எச். பெறுமானம் 7.5 அளவுக்கு ஏறினால் அதில் ஏறக்குறையப் பாதி ஐபோகுளோரைற்று அயனாகிவிடும், அதன் வலு குறைவு. மானி காட்டும் மொத்தக் குளோரின் அளவு மாறாமலே இருக்கலாம். தண்ணீருக்குள் கிடப்பது மாறிவிடுகிறது. மானியை மட்டும் பார்க்கிறவருக்கு அது பிடிபடாது.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சமன்பாடுகளை மனனம் செய்து வருகிறார்கள், கேள்வியைச் சற்று மாற்றினால் தடுமாறுகிறார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை. ஊரிலும் இன்று செயலட்டைகளும் மாதிரி வினாத்தாள்களும் நிறைந்து, சோதனைக் குழாய் பிடிக்கிற நேரம் சுருங்கிவிட்டது என்று அங்குள்ள ஆசிரிய நண்பர்கள் வருந்துகிறார்கள்.

ஆகவே எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. பாடசாலைக்குத் திறன்பலகைகளும் கணினிகளும் அனுப்புகிறோம், நல்லது. அடுத்த உதவியில் ஒரு மின்தராசு, கனமானக் குடுவைகள், அளவிகள், வேண்டிய அளவு வெள்ளி நைத்திரேற்று, வன்மை அளக்கும் சோதனைப் பொருட்கள் ஆகியவற்றையும் சேர்ப்போம். ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து, குளோரைட்டையும் வன்மையையும் தானே அளந்து, ஊர்ப் படத்தில் குறிக்கட்டும். செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். செலவில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்கிறேன். மற்றப் பங்குகளுக்கு எங்கள் வகுப்பு நண்பர்களோடு இப்போதே பேசத் தொடங்கிவிட்டேன்.