சேதாரம் எவ்வளவு?

"தங்கத்தைப் பொடியாக்கினால் சிவந்துவிடுமா?" என்று மூக்குத்தியைத் தொட்டபடி அம்மா கேட்டார்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பப் பொறியியல் படிக்கப் புறப்படும் என் மகள், மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டு, பாட்டிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏறத்தாழ 20 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுள்ள தங்கத் துகள்கள் நீரில் பரவியிருக்கும்போது, அவற்றின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்ந்து பச்சை நிறத்தை உறிஞ்சிக்கொள்வதால், அந்த நீர் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும் என்றும், ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றும் விளக்கினாள்.

அம்மா சற்று யோசித்தார்.

"அது சரி, சேதாரம் எவ்வளவு?"

நான் சிரித்துவிட்டேன், மகள் சிரிக்கவில்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் சிவப்பு போய் நீலம் பாய்ந்துவிடும், அப்படித் திரளாமல் காப்பதுதான் பெரும்பாடு, அங்கே சேதாரம் அதுதான் என்றாள். (கட்டணத்தை ரூபாயில் கணக்கிட்ட எனக்குத் தெரிந்த சேதாரம் வேறு.)

வேதியியலையும் குவாண்டம் இயற்பியலையும் மின்னணுவியலையும் இளநிலையிலேயே ஒன்றாகக் கற்பதோடு, இடையிடையே நான்கு நான்கு மாதங்கள் சம்பளத்துடன் வேலைக்கும் போகவேண்டிய படிப்பு அது. இவற்றையெல்லாம் அம்மா கேட்டாரா என்று தெரியவில்லை.

மூக்குத்தியைக் கழற்றி, விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.