வீட்டுப் பத்திரமும் வேலை விசாவும்: சேலத்து ஆடிட்டரின் நாட்குறிப்பு

ஜனவரி 7, 2026, புதன்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் இன்று மகனுடன் வந்தார். வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் பட்டறையில் வேலை குறைந்திருக்கிறது. மகன் பொறியியல் முடித்தவன். செப்டம்பரில் இங்கிலாந்துக்கு ஓராண்டு முதுகலைப் படிப்புக்குப் போகிறான். முப்பது லட்சம் கடன். அதற்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப்போகிறார்கள். என்னிடம் கேட்டது நிகர மதிப்புச் சான்று, அதாவது சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சும் மதிப்புக்கான சான்று.

சான்று எழுதுவது அரை மணி நேர வேலை. எழுதுவதற்கு முன் ஒன்று கேட்டேன்: "படிப்பு முடிந்த பிறகு எந்த விசாவில் வேலை பார்ப்பான்?"

"ரெண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கலாம் என்று ஏஜென்சியில் சொன்னார்கள், சார்" என்றார் தந்தை.

இவனுக்கு அந்த இரண்டு ஆண்டு கிடைக்காது. படித்து முடித்தவர்களுக்கு இங்கிலாந்து தரும் பட்டதாரி விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் பழையபடி மூன்று ஆண்டு. இவன் படிப்பை முடிப்பதே 2027 இலையுதிர் காலத்தில்தான். விசாக் கட்டணம் இப்போது 880 பவுண்டு, மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. இவை இரண்டும் அவர்கள் போட்டு வந்த கணக்கில் இல்லை.

ஒரு தாளை எடுத்துத் தேதிகளை எழுதிக் காட்டினேன். 2026 செப்டம்பரில் படிப்பு தொடங்குகிறது. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது வங்கியின் ஏற்பாடு. ஆகவே 2028 அக்டோபர் வாக்கில் தவணை தொடங்கும். பட்டதாரி விசா 2029 மே மாதத்தையொட்டி முடிந்துவிடும். அதாவது முதல் தவணை கட்டும்போது கையில் இருக்கும் விசாவுக்கு ஏழெட்டு மாதம்தான் ஆயுள். முப்பது லட்சத்தையும் தொடக்கத்திலேயே எடுத்து, பத்தரை சதவீத வட்டி இரண்டு ஆண்டு சேர்ந்தால், பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 49,000 ரூபாய். லண்டன் சம்பளத்தில் கட்டிவிடலாம். சேலத்துக்குத் திரும்பிவந்து முதல் வேலையில் சேருகிற பையனால் கட்ட முடியாது.

பையன் தலை நிமிர்ந்து, "அப்படியென்றால் அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் நான் எந்த விசாவுக்கு மாற வேண்டும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. திறன் பணியாளர் விசா. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று அவனை எடுக்க வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அதற்கான பொதுவான ஆண்டுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு. இருபத்தாறு வயதுக்கு உட்பட்டவர்களும் மாணவர் அல்லது பட்டதாரி விசாவிலிருந்து மாறுகிறவர்களும் புதியவர்கள் என்ற கணக்கில் 33,400 பவுண்டுக்கும் போகலாம். இந்தச் சலுகை, பட்டதாரி விசாவில் இருந்த காலத்தையும் சேர்த்து, நான்கு ஆண்டுக்குத்தான். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசே பொதுவில் வைத்திருக்கிறது. அவன் துறையில் எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன, புதியவர்களுக்கு என்ன சம்பளம் தருகின்றன என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

சான்றைத் தர மறுக்கவில்லை. பத்திரம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பீரோவில் இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

மதியம் கன்னங்குறிச்சியில் தங்கை வீட்டில். பொங்கல் பானை இறங்கிய நேரத்தில் அமெரிக்காவின் டல்லாஸிலிருந்து மருமகள் வீடியோவில் வந்தாள். தங்கை மகள்தான், ஆனால் தாய்மாமன் என்பதால் விசா விஷயமெல்லாம் முதலில் என்னிடம்தான் வரும்.

அவள் 2024இல் கணினி அறிவியலில் முதுகலை முடித்தாள். மாணவர் விசாவிலேயே ஓராண்டு வேலை பார்க்கும் ஓபிடி அனுமதி. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு இன்னும் இருபத்து நான்கு மாதம் நீட்டிப்பு உண்டு. அவளுக்கு அது 2027 ஜூலை வரை ஓடும். இது கேட்பதற்கு வசதியாக இருக்கும், கட்டுப்பாடுகள் கடுமை. முதல் ஓராண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாள். நீட்டிப்புக் காலத்தில் வேலை தருகிற நிறுவனம் ஈ-வெரிஃபை என்ற அரசுப் பதிவில் இருக்க வேண்டும், பயிற்சித் திட்டம் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

தங்கைக்கு வேறொரு கவலை. மே மாதம் பெரியவன் கல்யாணம். "ஒரு வாரம் வந்துவிட்டுப் போகக் கூடாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கூடாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சென்ற ஆண்டு செப்டம்பர் 21 முதல் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் நிறுவனங்கள் போடும் புதிய ஹெச்-1பி வேலை விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க அதிபரின் பிரகடனம் சொல்கிறது. உள்ளே மாணவராக இருந்து வேலை விசாவுக்கு நிலை மாற்றம் கேட்பவர்களுக்கு அது பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் வந்தது. அந்த விளக்கத்திலேயே ஒரு கொக்கி இருக்கிறது: நிலை மாற்ற மனு முடிவாகும் முன் நாட்டை விட்டு வெளியேறினால் விலக்கு போய்விடும். ஹெச்-1பி இடங்களுக்காக மார்ச்சில் நடக்கும் குலுக்கலில் அவள் பெயர் விழுந்தால் ஏப்ரல் முதல் மனு. மே மாதம் அது நிலுவையில் இருக்கும். ஒரு லட்சம் டாலர் கட்டி அவளை மீண்டும் அழைத்துக்கொள்ளும் நிறுவனம் எங்கே இருக்கிறது?

ஏற்கெனவே ஹெச்-1பி வைத்திருப்பவர்களுக்கும் ஊருக்கு வருவது எளிதாக இல்லை. கோரிமேட்டில் எனக்குத் தெரிந்தவர் மகன் டிசம்பரில் விசா முத்திரைக்காக வந்தான். அந்த மாதம் 15ஆம் தேதி முதல் ஹெச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் ஆராய்கிறார்கள். நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. மனைவி அங்கே, இவன் இங்கே.

தங்கை அதற்கு மேல் கேட்கவில்லை. மருமகள் திரையில் கரும்பைக் காட்டச் சொன்னாள்.

ஜனவரி 25, ஞாயிறு, ஏற்காடு

ஒரு காப்பித் தோட்டத்தின் கணக்கு விஷயமாக மேலே வந்தேன். அறுவடை முடியும் காலம், களத்தில் காப்பிப் பழம் காய்கிறது. தோட்டத்து மேஸ்திரியின் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டு வேலைக்கு ஒருவர் நாலு லட்சம் கேட்கிறாராம். முன்பணம் கொடுக்கலாமா என்று மேஸ்திரி கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும். அவ்வளவுதான். அந்த முகவருக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் அங்கேயே கைப்பேசியில் தேடினோம். அந்தப் பெயர் இல்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, செவிலியர்களையும் அனுப்புகிறது. இந்த மலைக் கிராமங்களில் அது யாருக்கும் தெரிவதில்லை. முகவரின் கைப்பேசி எண் மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது.

இங்கிலாந்தில் பராமரிப்புப் பணியாளர் வேலை என்றும் அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள். பட்டம் பெற்ற செவிலியருக்கான வழி வேறு, அது திறந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு ஜெர்மனி மேல் விருப்பம். அங்கே செவிலியர் பட்டத்தை முறைப்படி அங்கீகரிக்க வேண்டும், மொழி நன்றாக வர வேண்டும். பெரும்பாலும் பி2 என்ற மேல்-இடைநிலை வரை கேட்பார்கள். வேலையை விடாமல் படித்தால் ஓராண்டுக்கு மேல் ஆகலாம். "படிக்கிறேன், ஐயா. பணம் கொடுத்து ஏமாறுவதைவிட அது மேல்" என்றாள். மேஸ்திரி மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, முன்பணம் கொடுக்கப்போவதில்லை என்றார்.

பிப்ரவரி 14, சனி

கருப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கல்விக் கடன் பற்றித்தான் தலைப்பு. வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவில் வட்டிக் கழிவு எட்டு ஆண்டு கிடைக்கும், பழைய வரி முறையில் மட்டும் என்பதைச் சொல்லிவிட்டு வேலை விசாவுக்குப் போய்விட்டேன்.

ஜெர்மனிக்குத்தான் அதிகக் கேள்வி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். இந்திய மாணவர்களுக்குக் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று கட்டாயம். படித்து முடித்தபின் வேலை தேடப் பதினெட்டு மாதம். வேலை கிடைத்தால் நீல அட்டை என்ற வேலை அனுமதி: இந்த ஆண்டு அதற்கான ஆண்டுச் சம்பள வரம்பு 50,700 யூரோ, ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் சுமார் 45,934. நீல அட்டையில் இருப்பவருக்கு ஜெர்மன் மொழி பி1 அளவில் தெரிந்தால் இருபத்தொரு மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அடிப்படை அளவுதான் என்றால் இருபத்தேழு. குலுக்கல் இல்லை, ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. மொழிதான் அங்கே வாசல்.

கனடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். படிப்புக்குப் பின் வேலை அனுமதி மூன்று ஆண்டு வரை கிடைக்கிறது, ஆனால் 2024 நவம்பர் முதல் மொழித் தேர்வு முடிவும் கேட்கிறார்கள், பட்டமில்லாத பல கல்லூரிப் படிப்புகளுக்குத் துறைக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் இந்த அனுமதிக்குப் பொதுவான வயது வரம்பு 35 ஆகிவிட்டது. இந்த வயது மாணவர்களுக்கு அது பிரச்சினை இல்லை, இடையில் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான்.

கடன் வாங்கவே முடியாது என்று ஒரு மாணவி எழுந்து சொன்னாள். தறி ஓட்டுகிற குடும்பம், அம்மாப்பேட்டை. அவளுக்கு எல்-1 பற்றிச் சொன்னேன். பன்னாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளையில் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை, மேலாளராகவோ சிறப்பறிவு உடையவராகவோ அமெரிக்கக் கிளைக்கு மாற்றும் விசா அது. சிறப்பறிவுப் பிரிவில் ஐந்து ஆண்டு வரை, மேலாளர் பிரிவில் ஏழு ஆண்டு வரை. ஆண்டு எண்ணிக்கை வரம்பும் கிடையாது. நடைமுறையில் ஓராண்டில் யாரையும் அனுப்பிவிட மாட்டார்கள், சில ஆண்டு ஆகும். ஆனால் அந்த ஆண்டுகளில் அவள் சம்பளம் வாங்குவாள், வட்டி கட்ட மாட்டாள். வெளிநாடு என்றால் முதலில் படிப்பு, அதற்கு முதலில் கடன் என்ற ஒரே வழியைத்தான் நம் ஊரில் எல்லோரும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்று முதல் ஹெச்-1பி குலுக்கலின் விதி மாறுகிறது. ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. இதுவரை எல்லாப் பெயருக்கும் ஒரே வாய்ப்பு. இனி, ஒரு வேலைக்கு அந்தப் பகுதியில் நிலவும் சம்பளத்தை நான்கு படியாகப் பிரித்து, நான்காம் படியில் இருப்பவர் பெயர் நான்கு முறையும் முதல் படியில் இருப்பவர் பெயர் ஒரு முறையும் பெட்டியில் விழும். பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு லாபம். படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவருக்கு நஷ்டம். கடன் வாங்கிப் படிக்கப் போனவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மருமகள் இரண்டாம் படியில் இருக்கிறாள். இரவு பேசும்போது, ஒரு கன்சல்டன்சி தன் மூலமாகவும் பதிவு செய்யலாம், காகிதத்தில் நான்காம் படிச் சம்பளம் காட்டிவிடலாம், கொஞ்சம் பணம் கொடுத்தால் போதும் என்று அழைத்ததாகச் சொன்னாள். அவளுடைய தோழிகள் இருவர் யோசிக்கிறார்களாம்.

"வேண்டவே வேண்டாம், கண்ணு" என்றேன். 2024 முதல் எத்தனை நிறுவனம் பதிவு செய்தாலும் ஒரு ஆள் ஒரு ஆள்தான். பாஸ்போர்ட் எண்ணை வைத்துப் பார்க்கிறார்கள். புதிய விதிப்படி இரண்டு நிறுவனம் வெவ்வேறு படி காட்டினால் குறைந்த படிதான் கணக்கில் வரும். இல்லாத வேலைக்கு இல்லாத சம்பளம் காட்டுவது மோசடி, அது அவளுடைய கோப்பில் ஆயுள் முழுக்க நிற்கும். பதிவுக் கட்டணம் 215 டாலர், அதை அவள் நிறுவனம் கட்டுகிறது. அவள் ஒரு பைசாவும் யாருக்கும் தர வேண்டியதில்லை. தோழிகளிடமும் இதை அப்படியே சொல்லச் சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

கொலுசுப் பட்டறைக்காரர் மகன் இன்று தனியாக வந்தான். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலிலிருந்து தன் துறையில் உள்ளவற்றைப் பிரித்து, எது புதியவர்களை எடுக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவன் சேரவிருந்த மேலாண்மைப் படிப்புக்கும் அந்த வேலைகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவனே கண்டுபிடித்திருக்கிறான். ஏஜென்சி அந்தப் படிப்பைச் சொன்னது இடம் எளிதில் கிடைக்கும் என்பதற்காக.

அவன் முடிவு: இந்த ஆண்டு போகவில்லை. சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்கிறான். தன் துறையிலேயே மின்னணுவியல் படிப்புக்கு அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் விண்ணப்பிப்பான். மாலையில் ஜெர்மன் வகுப்பு. தந்தைக்கு வருத்தம், சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டாராம். பையனிடம் வருத்தம் தெரியவில்லை.

ஏப்ரல் 1, புதன்

ஹெச்-1பி குலுக்கலின் முதல் சுற்றுத் தேர்வை நேற்றோடு முடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மருமகளின் நிறுவனக் கணக்கில் அவள் பெயருக்கு எதிரே நிலை மாறவில்லை. சமர்ப்பிக்கப்பட்டது என்றே இருக்கிறது. இடம் மீந்தால் பின்னர் இன்னொரு சுற்று நடக்கலாம். அதை நம்பி எதையும் திட்டமிட முடியாது.

தங்கை அழுதாள். மருமகள் அழவில்லை, களைத்திருந்தாள். நாங்கள் மூவரும் நெடுநேரம் பேசினோம். அவளுக்கு 2027 ஜூலை வரை அனுமதி இருக்கிறது, அடுத்த மார்ச்சில் இன்னொரு முறை பெயர் போகும். அதற்குள் சம்பளப் படி உயர்ந்தால் வாய்ப்பும் உயரும். பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாப நோக்கமற்ற நிறுவனங்களும் அந்த 85,000 கணக்குக்குள் வருவதில்லை, ஆண்டின் எந்த மாதத்திலும் மனுப் போடலாம். சம்பளம் குறைவு, ஆனாலும் அவள் படித்த பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு ஆங்கிலத் தேர்வு எழுதுவதையும் தள்ளிப்போட வேண்டாம் என்றேன்.

மனு இல்லாததால் மே மாதப் பயணத்துக்கு அந்த ஒரு லட்சம் டாலர் தடை இப்போது இல்லை. தங்கை அதை உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய மாணவர் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. வந்தால் சென்னையில் மறுபடி நேர்காணல், வேலை பார்க்கும் மாணவருக்கு அது நிச்சயமில்லாதது. இரண்டாம் சுற்று வந்தாலும் சிக்கல். வர வேண்டாம் என்று மருமகளே சொல்லிவிட்டாள்.

ஜூலைக்குள் அவள் பயிற்சித் திட்டத்தின் பன்னிரண்டு மாத மதிப்பீட்டை மேலாளரிடம் கையொப்பம் வாங்கிப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் நினைவூட்டும்படி என் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.