வாப்பாவின் அலி, வழக்குக் கட்டின் அலி

எங்கள் வாப்பாவுக்குக் குத்துச்சண்டை பற்றி ஒன்றும் தெரியாது. எத்தனை சுற்று, எதற்குப் புள்ளி என்று கேட்டால் முழிப்பார். ஆனால் முஹம்மது அலி என்று சொல்லிவிட்டால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "அமெரிக்காவுலயே பொறந்து, அங்கனயே நின்னு கலிமா சொன்ன ஆளும்மா" என்பார். 2002-ல் ஹாலிவுட் நடைபாதையில் அலிக்கு நட்சத்திரம் பதிக்க வந்தபோது, நபியின் பெயரை யாரும் மிதித்து நடக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டதால் தரையில் பதிக்காமல் சுவரில் பதித்தார்கள். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களில் சுவரில் இருப்பது அது ஒன்றுதான். இதை வாப்பா வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார், அந்தச் சுவரைத் தானே கட்டிய மாதிரி.

நான் வக்கீல். எனக்கும் குத்துச்சண்டை ஒவ்வாது. ஒருவர் மூளையை இன்னொருவர் கலக்குவதற்குக் கைதட்ட என்னால் முடியாது. அலி என்னிடம் வந்து சேர்ந்தது 'கிளே எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்ற 1971-ஆம் வருடத் தீர்ப்பின் வழியாக. மனசாட்சியின் பேரில் ஒருவர் அரசாங்கத்துக்கு முடியாது என்று சொன்னால் சட்டம் அவரை எப்படிப் பார்க்கிறது என்று தேடப் போய், அந்த வழக்கில் விழுந்து, அதிலிருந்து எழவே இல்லை. வாப்பா காட்டிய அலியும் வழக்குக் கட்டில் இருக்கும் அலியும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் எனக்கு அப்போது வந்தது.

காரணம், 1964-ல் அவர் வெளிப்படையாக அறிவித்த மார்க்கம். அந்த வருடம் பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், சோனி லிஸ்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வயது 22. அப்போது பெயர் கேசியஸ் கிளே. மறுநாள் நிருபர்களிடம், தான் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' அமைப்பைச் சேர்ந்தவன் என்று வெளிப்படையாகச் சொன்னார். நீங்கள் விரும்புகிற மாதிரி நான் இருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். சில நாட்களில் அமைப்பின் தலைவர் எலைஜா முஹம்மது அவருக்கு முஹம்மது அலி என்று பெயர் வைத்தார்.

அந்த அமைப்பு போதித்ததைக் கேட்டால் வாப்பா 'அஸ்தஃபிருல்லாஹ்' சொல்லிக் காதைப் பொத்திக்கொள்வார். 1930-ல் டெட்ராய்டில் அதை ஆரம்பித்த ஃபார்ட் முஹம்மது மனித உருவில் வந்த அல்லாஹ். எலைஜா அவருடைய தூதர். யாக்கூப் என்ற விஞ்ஞானி ஆதிகாலத்தில் உருவாக்கிய சாத்தான் கூட்டம்தான் வெள்ளையர்கள். கறுப்பர்களுக்குத் தனி நாடு வேண்டும், கலப்பு மணம் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது. நோன்பைக்கூட டிசம்பர் மாதத்தில் வைத்தார்கள். நமக்குத் தெரிந்த இஸ்லாத்தோடு இதற்குப் பெயர்ப் பொருத்தத்தைத் தாண்டி அதிகம் ஒட்டாது. ஆனாலும், லூயிவில்லில் கறுப்பர் நுழையக் கூடாத கடைகளைப் பார்த்து வளர்ந்த, ரோம் ஒலிம்பிக் தங்கத்தோடு ஊர் திரும்பியும் அதே கடைகளுக்குள் போக முடியாத ஓர் இளைஞன் காதில், 'நீ கீழானவன் இல்லை, உன்னைக் கீழாக்கியவன்தான் சாத்தான்' என்ற வார்த்தை எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. குடியில்லை, பன்றிக்கறி இல்லை, ஒழுங்கான உடை, சொந்தக் கடைகள், சொந்தப் பள்ளிகள் என்று அந்த அமைப்பு நிறையப் பேரை நிமிர்த்தியதும் உண்மை.

இனி வழக்கு. 1964-ல் ராணுவத் தகுதித் தேர்வில் அலி தேறவில்லை. அதைக் கிண்டல் செய்தவர்களிடம், நான்தான் மாபெரும் ஆள் என்றேன், மாபெரும் அறிவாளி என்றா சொன்னேன் என்று கேட்டார். வியட்நாமுக்கு ஆள் போதாமல் போகவே தகுதி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். 1966 பிப்ரவரியில் அலி தகுதியானவர்கள் பட்டியலுக்குள் வந்துவிட்டார். அங்கே அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் படையைப் பற்றி, வியட்காங்கோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை என்று அவர் சொன்னது அப்போதுதான்.

அந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் பின்னால் இருந்த மதத்தை லேசாகத் துடைத்துவிடுகிறார்கள். ஏதோ அவர் போர் பற்றிய செய்திகளைப் படித்து, வியட்நாமியரின் துயரத்தை எண்ணி முடிவெடுத்த மாதிரி. வழக்குக் கட்டைப் புரட்டினால் அப்படி இல்லை. அவர் கேட்ட விலக்கு மத நம்பிக்கையின் பேரில்; தான் ஒரு மதப் போதகர் என்றும் தனியாக ஒரு விலக்கு கேட்டார். அவருடைய தலைவர் எலைஜாவே இரண்டாம் உலகப் போரின்போது ராணுவப் பதிவு செய்ய மறுத்து 1946 வரை சிறையில் இருந்தவர். அந்த அமைப்பில் இருந்த ஓர் ஆணுக்கு ராணுவத்தை மறுப்பது ஏறக்குறையப் பரம்பரை வழக்கம்.

1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். பெயரைக் கூப்பிட்டதும் ஓர் அடி முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான் சடங்கு. அலி வைக்கவில்லை. குத்துச்சண்டை ஆணையங்கள் உடனே பட்டத்தைப் பிடுங்கின, உரிமத்தை நிறுத்தின. ஜூன் 20-ல் முழுக்க வெள்ளையரைக் கொண்ட ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஐந்து வருடச் சிறை, 10,000 டாலர் அபராதம். ஜாமீனில் வெளியே இருந்தார், பாஸ்போர்ட் போய்விட்டது. 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஓர் ஆட்டக்காரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம் முழுக்க, வளையத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிச் சம்பாதித்தார்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. அலி வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட இடம் அதுதான், ஆனால் புகழுரைகளில் இது வருவதே இல்லை. 1969-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பணத்துக்காக மறுபடி குத்துச்சண்டைக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டார். எலைஜாவுக்கு விளையாட்டே பிடிக்காது. ஏப்ரல் மாதம் அமைப்பின் பத்திரிகையில் அலியை ஒரு வருடம் விலக்கிவைத்து அறிக்கை வந்தது. இனி அவரை கேசியஸ் கிளே என்றே அழைப்போம் என்று அதில் எழுதியிருந்தார்கள். எந்த மார்க்கத்துக்காகப் பட்டத்தையும் பணத்தையும் விட்டாரோ, அதே மார்க்கம், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, பெயரைத் திருப்பிக் கேட்டது. என்னிடம் வரும் கட்சிக்காரர் யாராவது இந்த நிலைமையில் இருந்தால், 'சமரசத்துக்குப் போய்விடலாம் சார்' என்று நானே சொல்லியிருப்பேன். அலி எலைஜாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரையும் விடவில்லை. அரசாங்கத்திடமும் இறங்கி வரவில்லை.

1970-ல் நியூயார்க் உரிமம் திரும்பக் கிடைத்ததும் ஒரு வக்கீல் வேலைதான். குற்றத் தண்டனை பெற்றவருக்கு உரிமம் தர முடியாது என்றது ஆணையம். அலி தரப்பு வக்கீல்கள் ஆணையத்தின் பழைய பதிவேடுகளையே தோண்டி, கொலை, கொள்ளை என்று தண்டனை பெற்ற 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதே ஆணையம் உரிமம் தந்திருந்ததை எடுத்து வைத்தார்கள். நீதிபதிக்கு வேறு வழி இருக்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த விதம் இன்னும் விசித்திரம். தர்குட் மார்ஷல் விலகிக்கொள்ள, மீதி எட்டு நீதிபதிகளில் ஐந்து பேர் முதலில் அலிக்கு எதிராகத்தான் இருந்தார்கள். தீர்ப்பு எழுதும் பொறுப்பு ஹார்லனிடம். அவருடைய உதவியாளர்கள் நேஷன் ஆஃப் இஸ்லாம் பற்றிய நூல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்துவிட்டு அவர் மனம் மாறினார். இப்போது நாலுக்கு நாலு. சமமாகிவிட்டால் கீழ் நீதிமன்றத் தண்டனை அப்படியே நிற்கும், அலி காரணம்கூடத் தெரியாமல் சிறைக்குப் போவார். அப்போது நீதிபதி ஸ்டூவர்ட் ஒரு சின்ன இடுக்கைக் கண்டுபிடித்தார். விலக்கு பெற மூன்று நிபந்தனைகள்: எல்லாப் போரையும் எதிர்க்க வேண்டும், அது மத நம்பிக்கையிலிருந்து வர வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும். மூன்றிலுமே அலி தேறவில்லை என்று அரசின் நீதி அமைச்சகம், ராணுவ ஆள்சேர்ப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றத்திலோ, கடைசி இரண்டும் சரிதான் என்று அரசே ஒப்புக்கொண்டது. வாரியம் காரணம் எதையும் எழுதாமல் மனுவைத் தள்ளியிருந்ததால், தவறான காரணத்தில் தள்ளியதா சரியான காரணத்திலா என்று சொல்ல வழியில்லை. ஆகவே தண்டனை ரத்து. 1971 ஜூன் 28, எட்டுப் பேரும் ஒருமனதாக.

முதல் நிபந்தனையைப் பற்றி நீதிமன்றம் வாயே திறக்கவில்லை. அல்லாஹ் கட்டளையிடும் புனிதப் போர் என்றால் அலி போவாரே, அப்படியானால் எல்லாப் போரையும் எதிர்க்கிறார் என்று எப்படிச் சொல்வது என்பது அரசின் வாதம். யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த ஒருவருக்கு இதே கேள்வி 1955-லேயே வந்திருந்தது. கடைசி நாளில் கடவுளுக்காகச் சண்டையிடத் தயார் என்பதற்காக விலக்கை மறுக்க முடியாது என்று அப்போது தீர்ப்பானது. நீதிபதி டக்ளஸ் மட்டும் அலி வழக்கில் தனியாகக் குறிப்பு எழுதி, குர்ஆனில் வரும் ஜிஹாத் வரைக்கும் போனார். மற்றவர்கள் அந்த வாசலைத் தாண்டிப் போகவில்லை. அலியின் மனசாட்சிக்குக் கிடைத்த வெற்றி என்று இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். அது ஒரு காகிதக் குறைக்குக் கிடைத்த வெற்றி. காகிதக் குறையில் ஜெயிப்பதற்கு வக்கீல்கள் வெட்கப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

விட்டுக்கொடுக்காத அந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு விலையும் இருந்தது. அதைக் கொடுத்தவர், அமைப்பின் பெரிய பேச்சாளராக இருந்த மால்கம் எக்ஸ்.

லிஸ்டன் போட்டிக்கு முன்பு மால்கம் குடும்பத்தோடு மயாமியில் தங்கி, அலிக்குத் தைரியம் சொன்னவர். எலைஜாவோடு முறிந்து அமைப்பை விட்டு வெளியேறினார். ஹஜ்ஜுக்குப் போனார், எல்லா நிறத்தவரும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்தார், வெள்ளையர் எல்லாம் சாத்தான் என்ற போதனையைக் கைவிட்டார். 1964 மே மாதம் கானாவின் அக்ரா நகரில், தற்செயலாக, அங்கே சுற்றுப்பயணம் வந்திருந்த அலியைச் சந்தித்தார். எலைஜாவை விட்டுப் போனது தப்பு என்று சொல்லிவிட்டு அலி திரும்பிக்கொண்டார். பிறகு கூட இருந்தவர்களிடம் மால்கமின் வெள்ளை அங்கியையும் தாடியையும் கேலி செய்தார். வாப்பா கும்பிடாத குறையாக நேசித்த அந்த இஸ்லாம், அன்று அக்ராவில், கேலி செய்யப்பட்ட மனிதரின் பக்கம் இருந்தது. ஒன்பது மாதம் கழித்து மால்கம் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். மால்கமுக்கு முதுகைக் காட்டியது தன் வாழ்நாளில் மிகவும் வருந்தும் தவறுகளில் ஒன்று என்று அலி 2004-ல் எழுதினார். நாற்பது வருடம் ஆகியிருந்தது.

வாப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இருபத்திரண்டு வயசுல யாருக்கும்மா ஈமான் முழுசா இருக்கு?" என்றார். வாதமாக அதை ஏற்க மாட்டேன், ஆனால் பதில் சொல்லவும் வரவில்லை.

எலைஜா இறந்தது 1975 பிப்ரவரி 25, லிஸ்டனை வென்று சரியாகப் பதினொரு வருடம். அவர் மகன் வாரிஸ் தீன் முஹம்மது அமைப்பைச் சுன்னி இஸ்லாத்தின் பக்கம் திருப்பினார், அலியும் கூடவே போனார். பிறகு அமைப்பின் போதகர்களில் ஒருவரான ஃபரக்கான் பழைய நேஷனை மறுபடி எழுப்பியபோது அங்கே திரும்பவில்லை. பிற்காலத்தில் சூஃபிகளின் எழுத்துகளில் ஈடுபாடு வந்தது. மால்கம் ஒரே பயணத்தில் கடந்த தூரத்தை அலி மெதுவாக, தன் தலைவர் கண்மூடும் வரை காத்திருந்து கடந்தார்.

அரசியலில் அவரைப் பின்தொடர்வது தலைசுற்றல். 1974-ல் கின்ஷாசாவில் ஃபோர்மனை வென்ற சண்டைக்குப் பணம் கொடுத்தது மொபுட்டு என்ற சர்வாதிகாரி. 1980-ல் இந்தியாவுக்கு வந்திருந்தார், சென்னையிலும் காட்சிப் போட்டி ஆடினார். அங்கிருந்து ஜிம்மி கார்ட்டரின் தூதராக ஆப்பிரிக்காவுக்கு, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லப் போனார். தான்சானியாவின் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். 1984-ல் ரீகனுக்கு ஆதரவு. அலியோடு மோதிய குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியர் விஷயம் எனக்கு இவை எல்லாவற்றையும்விட மோசம். தடைக்காலத்தில் அலிக்கு உதவிய, தெற்குக் கரோலினாவின் ஏழை விவசாயக் கூலி வீட்டில் பிறந்த அந்த மனிதரை, வெள்ளையரின் அடிவருடி என்றும் கொரில்லா என்றும் மேடை மேடையாகக் கேலி செய்தார். கறுப்பரின் தன்மானம் பேசிய வாய் அது. டிக்கெட் விற்பனைக்காகச் சொன்னேன் என்று 2001-ல் மன்னிப்புக் கேட்டார். ஃப்ரேசியரின் மனம் முழுசாக ஆறியதாக எனக்குத் தெரியவில்லை.

1984-ல் பார்க்கின்சன் நோய் உறுதியானது. 1996-ல் அட்லாண்டாவில் நடுங்கும் கையால் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியபோது அமெரிக்கா அழுதது. 2005-ல் நாட்டின் உயரிய குடிமை விருதை அவர் கழுத்தில் போட்டவர், ஈராக் போரை நடத்திக்கொண்டிருந்த ஜார்ஜ் புஷ். அலியால் சரளமாகப் பேச முடியாமல் போன பிறகுதான் அவரை எல்லோருக்கும் பிடித்தது என்பது எனக்கு உறுத்துகிறது. 1967-ல் அவர் பேசியதை அப்படியே இன்று ஒரு முஸ்லிம் இளைஞன் பேசட்டும், எத்தனை பேர் விருதோடு வருகிறார்கள் பார்ப்போம். அலி மட்டும் கடைசிவரை முழுசாக அடங்கவில்லை. முஸ்லிம்களை நாட்டுக்குள் விடக் கூடாது என்று டிரம்ப் பேசிய 2015 டிசம்பரில், இஸ்லாத்தைப் பற்றிப் புரிதலை உண்டாக்குவது தலைவர்களின் வேலை என்று அறிக்கை விட்டார். மௌத்தாவதற்கு ஆறு மாதம் முன்பு.

2016 ஜூனில் லூயிவில்லில் ஜனாஸா தொழுகை ஒரு நாள், எல்லா மதத்தவரும் பேசிய அஞ்சலி மறுநாள்; எல்லாம் அவரே முன்கூட்டி எழுதி வைத்த திட்டப்படி. அஞ்சலியில் பேசியவர்களில் ஒருவர் மால்கமின் மூத்த மகள் அத்தல்லா ஷபாஸ்.

இரண்டு வருடம் கழித்து, அதே டிரம்ப், அதிபராக, அலிக்கு மன்னிப்பு வழங்க யோசிப்பதாகச் சொன்னார். 1971-லேயே உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்துவிட்டது, மன்னிப்பதற்கு அங்கே தண்டனை எதுவும் இல்லை, நல்லெண்ணத்துக்கு நன்றி என்று அலி குடும்பத்தின் வக்கீல் பதில் சொன்னார். இந்த மாதிரி ஒரு பதிலை எழுதும் வாய்ப்பு ஒரு வக்கீலுக்கு ஆயுளில் ஒருமுறை கிடைத்தாலே பெரிய விஷயம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.