யோசேப்பை எகிப்திலேயே விட்டுவிட்டேன்

காலை தியானத்துக்கு என்னை முதன்முதலில் எழுப்பிவிட்டது எங்கள் சபை மணி இல்லை, மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர். மார்கழி மாதம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், விடிய ஐந்து மணிக்கெல்லாம் பாட்டு ஆரம்பித்துவிடும், தலவாக்கலைக் குளிரில் கம்பளியை எவ்வளவு இழுத்துப் போர்த்தினாலும் அதற்கு மேல் தூக்கம் வராது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், இந்த வருடம் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிக்கிறேன் என்று எல்லாரையும் போல நானும் கை தூக்கிவிட்டு வந்திருந்தேன். எப்படியும் முழிப்பு வருகிறதே, எழும்பி உட்காருவோம் என்று தொடங்கியதுதான்.

மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வாசித்தால் வருடத்துக்குள் முடிந்துவிடும். நான் மும்மூன்றாக ஓடினேன். ஆதியாகமம் 42, யோசேப்பின் அண்ணன்மார் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து நிற்கிற இடம். அந்த வாரம் தை பிறந்தது. ஸ்பீக்கர் நின்றது, என் தியானமும் நின்றது.

போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன். அணைக்கக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப்பில் ஒன்பது பேர் குட்மார்னிங் படம் அனுப்பியிருப்பார்கள், அதில் பாதி வசனப் படம்தான், அதைப் பார்த்ததே தியானம் செய்த மாதிரி ஒரு திருப்தி வந்து திரும்பப் படுத்துவிடுவேன். நேரமில்லை என்று போதகரிடம் சொன்னதற்கு அவர் மாற்கு முதலாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகும் ஊரே வாசலில் கூடி நிற்க நோயாளிகளைக் குணமாக்கிய இயேசு, மறுநாள் இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போகிறார். எனக்கு வாயடைத்துப் போனது. ஆனாலும் அடுத்த நாள் எழும்பவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

வழி கிடைத்தது அடுப்படியில். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர், நாலரைக்கு எழும்பி ரொட்டிக்கு மாவு பிசைவார். வீட்டில் எந்தக் காலத்திலும் தவறாத விஷயம் அது ஒன்றுதான். பிப்ரவரியில் ஒருநாள் பிளேன்டீக்காக, அதாவது பால் இல்லாத தேநீருக்காகப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியபோது, சும்மா இருக்கிற நேரத்தில் ஏதாவது வாசியேன், எனக்குப் பொடி எழுத்துத் தெரியல என்றார். அன்றிலிருந்து வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு சங்கீதம், சத்தமாக. போன் உள்ளே கட்டிலில் கிடக்கும்.

சத்தமாக வாசிக்கும்போது அவசரப்பட முடியாது, அதுவும் அம்மா விடமாட்டார். மூன்றாம் சங்கீதத்தின் தலைப்பில், தாவீது தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடும்போது பாடியது என்று இருக்கிறது, நான் அதை எத்தனையோ தரம் கண்ணால் தாண்டிப் போயிருக்கிறேன். அம்மா பிசைகிற கையை நிறுத்திவிட்டு, "பெத்த மகனேயா தொரத்துனான்?" என்று கேட்டார். அன்றைக்கு ரொட்டி கொஞ்சம் கருகித்தான் போனது. எதிரிகளைச் சபிக்கிற சங்கீதங்கள் வரிசையாக வந்த வாரங்களில், "இன்னைக்கு யாரத் திட்டுறாரு?" என்று கேட்டுக்கொண்டே விறகைத் தள்ளுவார்.

இடையில் தவறிய நாட்களும் உண்டு. தவறினால் இரண்டாகச் சேர்த்து ஈடுகட்டுவதில்லை, விட்ட இடத்திலிருந்துதான். 119ஆம் சங்கீதம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், 176 வசனம், எட்டெட்டாக 22 பங்கு பிரித்தே இருக்கிறது, 22 நாள் வைத்துக்கொள்வோம் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

போன வாரம் 88 வந்தது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஒரு நம்பிக்கையில் வந்து நிற்கும், இது இருளிலேயே முடிகிறது. வாசித்து முடித்து நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

"சரி, இருக்கட்டும்" என்று எனக்கு இன்னொரு பிளேன்டீ ஊற்றினார்.