தங்கச்சிக்கு உலோகவியல்

ஜேஇஇ மெயின், அட்வான்ஸ்டு இரண்டையும் தாண்டி, ஜோசா கலந்தாய்வில் தங்கச்சிக்குச் சென்னை ஐஐடியில் இடம் கிடைத்துவிட்டது. உலோகவியல் பிரிவு.

1959இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு தொடங்கியது, வளாகத்துக்குள் மான் திரியும் என்றெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தேன். சேலம் சிவதாபுரத்தில் முப்பது வருடமாகக் கொலுசு பற்றவைக்கும் அப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"உலோகம்னா நம்ம வெள்ளியுமா கண்ணு?"

"ஆமாப்பா. வெள்ளி 961 டிகிரியிலதான் உருகும். அதோட செம்பும் துத்தநாகமும் கலந்து பற்று செஞ்சா, அது அதுக்கு முன்னாடியே உருகிடும். அதனாலதான் கொலுசு உருகாம பற்று மட்டும் ஓடுது."

"இது எனக்கே தெரியுமே! இதுக்கு நாலு வருஷமா?"

ராங்க் வாங்கியவள் முறைத்தாள். அப்புறம் அவரே போய் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கி வந்தார். எனக்குத்தான் ஒன்று குறைந்தது.