சீனியரின் ஒரு நாள்

என் சீனியர் அரசுத் தரப்பில் மூத்த சட்ட அதிகாரி. முந்தின நாள் சாயங்காலம் காஸ் லிஸ்ட், அதாவது மறுநாள் விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியல், வந்ததுமே அவருக்கு மறுநாள் தொடங்கிவிடும். காலை ஆறரைக்குக் கேஸ் கட்டுகளோடு உட்கார்ந்துவிடுவார். ஒன்பதுக்குத் துறை அதிகாரிகள் வருவார்கள். இன்று வந்தவரிடம் பதில் மனு எங்கே என்றால், "ஃபைல் கோட்டைல இருக்கு சார்" என்றார். கோட்டையிலிருந்து ஹைகோர்ட்டுக்கு நடந்தே வரலாம். ஃபைலுக்குத்தான் மூன்று வாரம் ஆகிறது.

பத்தரைக்குக் கோர்ட். ஒரே நேரத்தில் மூன்று கோர்ட் ஹாலில் வழக்கு. ஒன்றில் அவர் வாதாடுவார். மற்ற இரண்டிலும் 'பாஸ் ஓவர்' கேட்பது, அதாவது வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்து எடுக்கச் சொல்வது, ஜூனியரான என் வேலை. 1892-இல் திறந்த கட்டடத்தின் வராண்டா எவ்வளவு நீளம் என்பது கவுனோடு ஓடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒன்றரைக்கு இடைவேளை, இரண்டே காலுக்கு மறுபடியும். அந்த முக்கால் மணி நேரத்திலும் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் ஒரு துறைச் செயலாளரோடு பேசிக்கொண்டிருந்தார். ஸ்பூன் அப்படியே நின்றது.

சாயங்காலம் கோர்ட் முடிந்தால், சட்டக் கருத்து கேட்டு வந்த கோப்புகள். அப்புறம் இரவு பத்துக்கு வாட்ஸ்அப்: "ஐட்டம் 14 கட்டு எங்கப்பா?"

என் பையில்தான் இருக்கிறது. நான் தாம்பரம் ரயிலில்.